மச்சான், பெரியப்பான்ரை மொறிஸுக்கு ரைமிங்கைப் பார்

மச்சான்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. இங்கை எல்லாரும் சுகம், அம்மாவுக்குக் கால்நோ கொஞ்சம் குறைவு, உன்னைக் கேட்டவ. நல்லூர்த் திருவிழாவும் முடிஞ்சுது, நீ இந்த முறையும் வரேல்லை எண்டு கோவம்தான்.

பெரியப்பான்ரை மொறிஸ் மைனரை வவுனியாவுக்குக் கொண்டுபோட்டாய் எண்டு வாசிக்க எனக்குச் சரியான சந்தோசமடா. எத்தினை பேர் உப்பிடி வண்டியளை இரும்புக்கு வித்துப்போட்டினம். ஸ்ராட் வாறது கஷ்டம், வந்தாலும் இழுவை இல்லை, ஏத்தத்திலை சூடாகுது, காபரேற்றரைக் கழுவியும் சரிவரேல்லை எண்டு எழுதியிருக்கிறாய். என்ரை நினைப்பு, பிழை காபரேற்றரிலை இல்லை, ரைமிங்கிலை, அதுதான் ஸ்பார்க் விழுற நேரத்திலை.

ஏனெண்டால், தொண்ணூறுகளிலை பெற்றோல் வராத நேரம் அது மண்ணெண்ணெயிலைதானே ஓடினது, துளிப் பெற்றோலை விட்டு எழுப்பிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் (அடிக்காமல் எரியிற தன்மை) குறைவு, வழமையான ரைமிங்கிலை எஞ்சின் டொக்டொக்கெண்டு அடிக்கும், அதுக்காக, பிளக்குகளுக்கு முறைமுறையா ஸ்பார்க்கைப் பிரிச்சு விடுற டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி ஸ்பார்க் பிந்தி விழுறமாதிரி வைக்கிறவை. பேந்து ஆரும் அதைத் திரும்ப முன்னுக்குக் கொண்டந்திருக்க மாட்டினம். இப்ப நீ அடிக்கிறது 92 பெற்றோல். பிந்திப் பத்தினால் எக்சோஸ்ற் வால்வு திறக்கிற நேரமும் உள்ளை எரிஞ்சுகொண்டுதான் இருக்கும், பிஸ்ரனைத் தள்ளவேண்டிய வலு சூடாய் வெளியிலை போயிடும். உன்ரை வண்டி சொல்லுறது இதைத்தான்.

ஆனால் உடனை போய் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பாதை. முதல் ஸ்ராட்டர் சுறுக்காய்ச் சுத்துதோ பார். இழுத்து இழுத்துச் சுத்தினால் பற்றறி ரேமினலையும் எஞ்சினிலையிருந்து வண்டிப் பொடிக்குப் போற எர்த் வயரையும் கழட்டி உரஞ்சிப் பூட்டு. அந்த எர்த் சரியில்லையெண்டால் கறன்ற் சோக் கேபிளாலை போகப் பாக்கும், கேபிள் சுடும், தொட்டுப் பார் விளங்கும்.

அடுத்தது பொயின்ற்ஸ், டிஸ்ரிபியூற்றருக்குள்ளை திறந்து மூடி ஸ்பார்க் விழப்பண்ணுற சோடி. கறுத்துக் குழிவிழுந்திருந்தால் கண்டென்சரையும் சேத்து மாத்து. கேப், அதுதான் இடைவெளி, ஆகக் கூட திறக்கிற இடத்திலை 0.015 அங்குலம், பிளக் கேப் 0.025. பொயின்ற்ஸின்ரை உரஞ்சிற குதி தேயத்தேய கேப் ஒடுங்கும், கேப் ஒடுங்க ரைமிங்கும் தானாப் பிந்தும், அதாலைதான் எப்பவும் கேப்பை முதல் வச்சுப்போட்டுத்தான் ரைமிங் வைக்கவேணும், மாறிச் செய்தால் செய்த வேலையெல்லாம் வீண். டிஸ்ரிபியூற்றரின்ரை மூடியைத் திறந்த கையோடை உள்ளை பொயின்ற்ஸ் இருக்கிற பிளேற்றிலையிருந்து டிஸ்ரிபியூற்றரின்ரை பொடிக்குப் போற சின்ன எர்த் வயரையும் ஒருக்கா ஆட்டிப்பார், அது உள்ளுக்கை அறுந்திருந்தால் நிண்டபடி நல்லா ஓடும், அக்சிலேற்றர் குடுக்க பிளேற் அசைஞ்சு விட்டு விட்டு ஓடும். கன கராச்சிலை அதைப் பாக்கிறேல்லை, ஸ்பார்க்குக்கு வோல்ற்றைக் கூட்டிற கொயிலைத்தான் மாத்துவினம்.

இனி ரைமிங். சாவியை நிப்பாட்டிப்போட்டுக் கைக்கம்பியாலை சுத்து, பெருவிரலை மற்ற விரலுகளோடை ஒரே பக்கமா வை, கம்பி திருப்பி அடிச்சால் கை முறியும். றொக்கர் கவரைக் கழட்டினால் 4ஆம் சிலிண்டரின்ரை ரெண்டு வால்வும், ஒண்டு மூட மற்றது திறக்கத் தொடங்கிற இடம் தெரியும், அப்ப றேடியேற்றர் பக்கத்து 1ஆம் சிலிண்டரின்ரை பிஸ்ரன் கொம்பிறெசனிலை (உள்ளை அமத்திற நேரம்) மேலை நிக்குது. கீழை புள்ளியின்ரை (பெல்ற் ஓடுற சில்லு) வெட்டு ரைமிங் கவரிலை இருக்கிற நீளப் பல்லுக்கு நேரை வரும், மற்ற ரெண்டு பல்லும் 5 டிகிரி, 10 டிகிரி. எஞ்சினுக்குத் தக்க மனுவலிலை சொன்ன டிகிரிதான் சரி, மனுவல் கையிலை இல்லாட்டி வெட்டை 5இலை நிப்பாட்டித் தொடங்கு.

12 வோல்ற் பல்ப் ஒண்டை டிஸ்ரிபியூற்றருக்கு வாற சின்ன வயரிலையும் பொடியிலையும் பிடி, சாவியைப் போடு. கிளாம்பைத் தளத்தி டிஸ்ரிபியூற்றரை இடப்பக்கமா (மணிக்கூட்டுக்கு எதிரா) திருப்பினால் பல்ப் அணையும், பிறகு மெல்ல மெல்ல வலப்பக்கமா, பல்ப் பத்திற அந்தக் கணத்திலை நிப்பாட்டி இறுக்கு. டிஸ்ரிபியூற்றருக்குள்ளை இருக்கிற றோட்டர் இடப்பக்கமாச் சுத்துறபடியால் வலப்பக்கம் திருப்பத்தான் ஸ்பார்க் முந்தும். சாவியைக் கனநேரம் போட்டபடி விடாதை, கொயில் சூடாகும். பிளக் வயருகளின்ரை ஒழுங்கு 1-3-4-2, அதுவும் இடப்பக்கச் சுத்து.

பிறகு நாலு பேரை ஏத்திக்கொண்டு ஏத்தத்திலை மூண்டாங் கியரிலை மிதிச்சுப் பார். அடிக்குதெண்டால் டிஸ்ரிபியூற்றரிலை இருக்கிற சின்னத் திருகை R பக்கம் (பிந்துறது) கொஞ்சம் திருப்பு, அடிக்கேல்லை இழுவையும் காணாதெண்டால் A பக்கம் (முந்துறது). பழைய ஒயிலையும் மாத்து, வண்டி எடுபடாமல் நிண்ட காலத்து ஒயில் கிடக்கக்கூடாது.

பொயின்ற்ஸுக்குப் பதிலா எலெக்ரோனிக் பூட்டச் சொல்லுறாங்கள் எண்டாய், எனக்கு விருப்பமில்லை மச்சான், பொயின்ற்ஸ் றோட்டிலை நிண்டாலும் ஒரு அரத்தோடை சரிப்பண்ணலாம். ஸ்ரான்லி வீதியிலை ஒரு சோடி பொயின்ற்ஸும் கண்டென்சரும் தேடி வச்சிருக்கிறன், இந்தச் சனிக்கிழமை பஸ்ஸிலை குடுத்துவிடுறன், ஸ்ராண்டிலை வந்து எடு. டிஸ்ரிபியூற்றரைத் திருப்ப முதல் பல்ப் எந்தப் பல்லிலை பத்தினது எண்டதைப் பாத்து மறக்காமல் எழுது, பின்னுக்குத்தான் நிக்கும் எண்டு நான் இப்பவே சொல்லுறன்.

அன்போடை,
உன்ரை மச்சான்