கணினித் திறன் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அலுவலகக் கணினிச் சான்றிதழோடு வேலைக்கு வருபவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவது பல வருடமாக என் வேலை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பெண் சேர்ந்தார். நல்ல மதிப்பெண். ஊழியர் பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொன்னேன். பெயர் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தார். எக்ஸெல் ஒரு எச்சரிக்கை காட்டியது. சரியாகப் படிக்காமலே, 'தேர்ந்தெடுத்ததை மட்டும் வரிசைப்படுத்து' என்ற தெரிவைக் குறித்துப் பட்டனை அழுத்தினார். பெயர்கள் அழகாக வரிசையில் நின்றன. சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் பழைய இடத்திலேயே இருந்தன. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் கணக்கு! அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசைப்படுத்தும் பட்டன் எங்கே என்றுதான் நீங்கள் கேட்டிருந்தீர்கள். வரிசைப்படுத்திய பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவேயில்லை.

சின்னப் பிழைதானே என்று தள்ளிவிடாதீர்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் ஏறாமல் போனது. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. மார்ச்1 என்ற மரபணுவை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அதே ஆண்டில் அந்த மரபணுவின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் தேர்வில் சுத்தமான கோப்பைக் கொடுக்காதீர்கள். நிஜத்தில் வருவது போன்ற கோப்பைக் கொடுங்கள். ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுதியிருக்கட்டும். அடையாள எண்ணின் முன்னால் இருந்த சுழியம் தொலைந்திருக்கட்டும். கூட்டலில் கடைசி வரி விட்டுப்போயிருக்கட்டும். தேதி 03/04 என்று இருக்கட்டும்; அது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? 'இதை அனுப்பியவரிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்' என்று ஒருவர் எழுதினால் முழு மதிப்பெண் போடுங்கள். வேலையில் நான் தேடுவது அந்த ஆளைத்தான்.

இப்படித் தேர்வு வைத்தால் திருத்துவது கஷ்டம் என்பீர்கள். சரி, கோப்பில் ஐந்து பிழையை ஒளித்து வையுங்கள், எத்தனை அகப்பட்டது என்று எண்ணுங்கள். அதைக் கணினியே செய்துவிடும்.

அந்தப் பெண் இப்போது எந்தப் பட்டியலை அனுப்பும் முன்பும் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்து மூலக் கோப்போடு ஒப்பிடுகிறார். அப்புறம் வரிகளை எண்ணுகிறார். ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டார். அடுத்த முறை நீங்கள் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது அந்த ஒரு மதியத்துக்கு இடம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு பயிற்றுநர்