இரவுக் கூண்டின் இடைக்கதவு: உயிரியல் பூங்கா ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கும் தமிழ்நாடு உயிரியல் பூங்கா ஆணையத்துக்கும்,

வணக்கம்.

ஆய்வுக் குழு ஒரு பூங்காவுக்கு வந்தால் முதலில் டேப் விரியும். ஒரு ஜோடி சிங்கத்துக்கு 1,000 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கிறதா, தீனிக் கூண்டு 2.75 மீட்டர் நீளமும் 1.80 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் இருக்கிறதா என்று அளப்பார்கள். 2009ஆம் ஆண்டின் பூங்கா அங்கீகார விதிகள் கேட்பது அதைத்தான். அளவு வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திறந்தவெளிக்கும் இரவுக் கூண்டுக்கும் நடுவே இருக்கும் இடைக்கதவை யாரும் ஏற்றி இறக்கிப் பார்ப்பதில்லை. விலங்குகளைப் பராமரிக்கும் கீப்பர்கள் உயிரை விடுவது அந்தக் கதவில்தான்.

2017 அக்டோபரில் பெங்களூருவை அடுத்த பன்னேர்கட்டா பூங்காவில் ஒரு கீப்பர் வெள்ளைப் புலிகளால் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் அருணாச்சலப் பிரதேசத்தின் இட்டாநகர்ப் பூங்காவில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போன கீப்பரைப் பெண்புலி கொன்றது. கூண்டின் கதவுகள் திறந்து கிடந்தன. இப்படி ஒன்று நடந்ததும் "கவனக்குறைவு" என்ற ஒரே சொல்லில் கோப்பு மூடப்படுகிறது. இருபது ஆண்டு வேலை பார்த்தவரும் காய்ச்சலோடு வரும் ஒரு நாளில் மறப்பார். மனிதர் மறந்தாலும் கதவு விடாதபடி செய்ய வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. அதை விதியாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் கதவு எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். மேலிருந்து இறங்கும் கதவானால் கப்பியில் ஓடும் கம்பிக் கயிறு, கப்பியைத் தொடும் இடத்தில்தான் இழை இழையாகப் பிரியும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பக்கவாட்டில் ஓடும் கதவானால் தரையில் உள்ள தடத்தில் எலும்புத் துண்டும் வைக்கோலும் மண்ணும் சேரும். கதவு கடைசி நான்கு விரல் அகலம் மூடாமல் நிற்கும். தூரத்தில் நின்று இழுப்பவர் 'டங்' என்ற சத்தத்தைக் கேட்டு மூடிவிட்டது என்று நம்புவார். சிங்கம் பாதத்தை நுழைத்துத் தள்ள அந்த இடைவெளி போதும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். வளையத்துக்குள் போகாத தாழ்ப்பாளின் மேல் பூட்டைத் தொங்கவிட்டால், பார்ப்பவருக்குப் பூட்டியது போலவேதான் இருக்கும்.

இவற்றுக்குத் தீர்வு எளிது. தாழ்ப்பாள் முழுவதும் உள்ளே போகாவிட்டால் வெளியே தெரியும் பகுதிக்குச் சிவப்புச் சாயம் பூச வேண்டும். சிவப்பு கண்ணில் பட்டால் கதவு மூடவில்லை என்று பொருள். கதவை இயக்கும் இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். தெரியாத மூலைக்குக் குவிகண்ணாடி வைக்கலாம். தடத்தைத் தினமும் கழுவிய பிறகு கம்பியால் கிளற வேண்டும். கயிற்றை வாரம் ஒருமுறை துணியால் பிடித்து உருவிப் பார்த்தால் பிரிந்த இழை துணியில் மாட்டும். ஓர் இழை மாட்டினாலும் அன்றே கயிற்றை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே போகிறவரின் சொந்தப் பூட்டு. திறந்தவெளிக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் இடைக்கதவில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, அதன் ஒரே சாவியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. மூவரும் வெளியே வந்து தத்தம் பூட்டை எடுக்கும்வரை அந்தக் கதவை இயக்குநரே வந்தாலும் திறக்க முடியாது. தொழிற்சாலைகளில் எந்திரத்தைப் பழுது பார்ப்பவர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். பூட்டுப் போடும் முன் தலை எண்ண வேண்டும். கூண்டு கூண்டாகப் போய், கண்ணால் பார்த்து, விலங்கின் பெயரைச் சத்தமாகச் சொல்லி எண்ண வேண்டும். உறுமல் கேட்டது, வால் தெரிந்தது என்பதெல்லாம் கணக்கில் சேராது. எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர்.

இரண்டு பேர் என்ற விதி முதலில் உடைவது விடுமுறை நாளில்தான். காணும் பொங்கலன்று வண்டலூருக்கு வரும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். கூட்டத்தைச் சமாளிக்க ஆள் போதவில்லை என்று சிங்கக் கூண்டின் கீப்பரை எந்தப் பூங்காவும் வாசலுக்கு அனுப்பக் கூடாது. அன்று இரண்டாவது ஆள் இல்லையென்றால் திறந்தவெளியைக் கழுவ வேண்டாம். ஒரு நாள் அழுக்கால் எந்தச் சிங்கமும் சாகாது.

அடுத்தது, விலங்கு தானாக உள்ளே வரும் பழக்கம். 2025 அக்டோபரில் வண்டலூர் சஃபாரிப் பகுதியில் விடப்பட்ட ஓர் இளம் ஆண்சிங்கம் மாலையில் இரவுக் கூண்டுக்குத் திரும்பவில்லை. தேடுதல் நடந்தது, ஊரெல்லாம் பேச்சானது; கடைசியில் அது தானே வந்து சேர்ந்தது. அது வேலியைத் தாண்டவே இல்லை. புதிய இடத்தில் விடப்பட்ட எந்தச் சிங்கமும் இப்படிச் செய்யக்கூடும். அதனால் விடுவிப்பதற்கு முன்னால் எத்தனை நாள், என்ன படிகள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது. புதிதாக வந்த விலங்கை நோய்க்காகத் தனியே வைத்துப் பார்க்கும் தனிமைக் காலம் முடிந்ததும் இரண்டு மூன்று வாரம், இறைச்சி வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே மணியை அடிக்க வேண்டும். வேறு எதற்கும் அந்த மணியை அடிக்கக் கூடாது. பிறகு அடுத்தடுத்த இரண்டு கூண்டுகளுக்கு நடுவே, மணி கேட்டதும் மாறும் பழக்கம். பிறகு கிரால் எனப்படும் சிறிய வேலியடைப்பில் காலையில் வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் விட்டு, வெயில் ஏறும் முன் மணியடித்து அழைக்க வேண்டும். தொடர்ந்து பத்து நாள், அழைத்த ஐந்து நிமிடத்துக்குள் உள்ளே வந்தால்தான் பெரிய வெளி. ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து.

இதில் பலரும் செய்யும் தவறு, சிங்கம் உள்ளே நுழைந்த நொடியில் கதவை அறைவது. நுழைந்தால் அடைபட்டுவிடுவோம் என்று அது இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். பிறகு வாசலில் படுத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டும். உள்ளே வரவிட்டு, ஒரு துண்டு கொடுத்து, மீண்டும் வெளியே போகவிடுங்கள். பத்தில் ஏழு முறை கதவு திறந்தே இருக்கட்டும். இன்னொரு தவறு பட்டினி நாளில் நடக்கிறது. வாரம் ஒரு நாள் இரை நிறுத்துவது சரிதான். ஆனால் அன்றும் மணியடித்து உள்ளே வந்த விலங்குக்கு அரைக் கிலோவாவது கொடுக்க வேண்டும். வெறும் கூண்டுக்கு அழைத்து ஏமாற்றினால் மறுநாள் மணி பொய்த்துப்போகும்.

வாசல் ஒன்றுதான் என்றால், பலம் உள்ள சிங்கம் அதை மறித்துப் படுக்கும். பலவீனமானது வெளியிலேயே நிற்கும். ஒரு குழுவுக்குக் குறைந்தது இரண்டு வாசல் தேவை. பெண்சிங்கம் பருவத்துக்கு வந்திருக்கும் நாட்களில் ஆண் அதை விட்டு நகராது, சரியாகத் தின்னவும் செய்யாது. அந்நாட்களில் எந்த மணியும் எடுபடாது. அது தெரிந்தால் ஜோடியை முந்திய மாலையே உள்ளே நிறுத்திக்கொள்ளலாம். கீப்பரின் நாட்குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும்.

இந்தப் பழக்கம் மனித உயிரையும் காக்கும். 2014 செப்டம்பரில் டெல்லிப் பூங்காவில் ஓர் இளைஞர் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்தார். புலி உடனே தாக்கவில்லை, எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மேலே நின்றவர்கள் கத்தினார்கள், கல் எறிந்தார்கள்; புலி அவர் கழுத்தைக் கவ்வியது. 2024 பிப்ரவரியில் திருப்பதிப் பூங்காவில் ஒருவர் சிங்கத்தின் அடைப்புக்குள் இறங்கி உயிரிழந்தார். இப்படி நேரும்போது முதலில் செய்ய வேண்டியவை இரண்டே: பார்வையாளர்களை அமைதியாக அப்புறப்படுத்துவது, மணியடித்து, இடைக்கதவைத் திறந்து, இறைச்சியைக் காட்டுவது. தினமும் பழகிய மணியாக இருந்தால் புலி திரும்பிப் பார்க்க வாய்ப்பு உண்டு. பழகாத மணி இன்னொரு கூச்சலாகத்தான் கேட்கும்.

மயக்க ஊசித் துப்பாக்கி ஏன் இல்லை என்று ஒவ்வொரு முறையும் கேள்வி எழுகிறது. துப்பாக்கி இருக்க வேண்டும். ஆனால் சைலசின், கெட்டமைன் கலந்த ஊசி நன்றாகப் பாய்ந்தாலும் விலங்கு சாயப் பல நிமிடங்கள் ஆகும். வெறியில் இருந்தால் இன்னும் கூடும். ஊசி குத்திய வலியில் அது முன்னைவிட மூர்க்கமாகவும் ஆகலாம். ஒருவர் கழுத்து விலங்கின் வாயில் இருக்கும்போது அது பயன்படும் கருவி அல்ல. மேலும் கெட்டமைன் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. பூட்டிய அலமாரியில் இருக்கும். அந்தச் சாவி ஞாயிற்றுக்கிழமை மாலை யாரிடம் இருக்கும் என்று ஒவ்வொரு பூங்காவும் எழுதித் தரட்டும்.

அதே இடைக்கதவு மருத்துவத்துக்கும் வாசல். 2021 மே கடைசியில் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததை முதலில் காட்டியது குறைந்த பசியும் இருமலும்தான். 11 சிங்கங்களில் 9க்குத் தொற்று உறுதியானது. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண்சிங்கமும், ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற ஆண்சிங்கமும் இறந்தன. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் அந்த வைரஸை டெல்டா வகை என்று கண்டது. பசி குறைவது அன்றே தெரிய வேண்டுமென்றால், வைத்த இறைச்சியை மட்டும் எழுதினால் போதாது; மறுநாள் காலை மிஞ்சியதையும் எடைபோட்டு எழுத வேண்டும். "8 கிலோ வைக்கப்பட்டது" என்று 365 நாளும் ஒரே கையெழுத்தில் இருக்கும் பதிவேடு எதையும் சொல்லாது. இடைக்கதவை ஒட்டிய தரையில் எடைமேடை பதித்துவிட்டால் வாரம் ஒருமுறை எடை தெரிந்துவிடும். கம்பிக்கு இணையாகப் படுத்து, வாலைச் சந்து வழியே கொடுக்கும்படி பழக்கினால் வால் நரம்பில் மயக்கமின்றி ரத்தம் எடுக்கலாம். பொறுமையுள்ள ஒரு கீப்பர், தினம் பத்து நிமிடம், சில மாதங்கள், அவ்வளவே தேவை. வயதான சிங்கத்துக்கு ஒவ்வொரு மயக்கமும் ஆபத்து என்பதால், இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்.

உள்ளே போகும் இறைச்சியும் கண்காணிக்கப்பட வேண்டும். நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலால் இறந்தன. சுற்றுவட்டாரத்தில் அந்த நோய் இருக்கும் காலத்தில் பச்சைக் கோழி அடியோடு நிற்க வேண்டும். குட்டிகளுக்கு எலும்பில்லாத சதையை மட்டும் கொடுத்து வளர்ப்பது இன்னொரு பழைய பிழை. சதையில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. எலும்பு வளைந்து முறியும். எலும்போடு கொடுக்க முடியாதபோது கிலோவுக்கு ஐந்தாறு கிராம் கால்சியம் கார்பனேட் சேர்க்க வேண்டும். மிச்சக் கறியை வெளியே கொட்டினால் தெருநாய் வரும், நாயோடு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வரும். 2018இல் கிர் காட்டில் அந்த நோய் சிங்கங்களைச் சாய்த்ததை மறக்க முடியாது.

இனப்பெருக்கம் பற்றிச் சுருக்கமாக. சர்க்கஸ்களின் ஆப்பிரிக்கச் சிங்கங்களும் நம் கிர் சிங்கங்களும் கலந்து பிறந்த குட்டிகளால் சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் போன்ற பூங்காக்கள் பல ஆண்டுகள் திணறின. இருக்கும் கூண்டுகளுக்கு மேல் ஒரு குட்டி பிறந்தாலும் இரவில் பிரித்து அடைக்க இடம் இருக்காது. அங்கேதான் சண்டையும் காயமும் தொடங்கும். ஆணுக்கு விந்துக்குழாய் அறுவை செய்தால் பிடரி மயிர் அப்படியே இருக்கும். விதை நீக்கினால் பிடரி உதிரும். ஆணையும் பெண்ணையும் கூண்டு மாற்றியே சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை, கதவு ஒருமுறை தவறியதும் 110 நாளில் குட்டியாக வந்து நிற்கும்.

இவ்வளவும் கீப்பரை நம்பியே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஒப்பந்தப் பணியாளரிடம் சிங்கம் பழகாது. அதன் காது மடங்குவதற்கும் வால் அடிப்பதற்கும் பொருள் அவருக்கும் தெரியாது.

ஆகவே அடுத்த ஆய்விலிருந்து இவற்றைச் சேருங்கள். குழு நேரில் நின்று ஒவ்வோர் இடைக்கதவையும் மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். சொந்தப் பூட்டு முறை இல்லாத பூங்காவுக்கு ஆறு மாதக் கெடு கொடுங்கள். முன்னறிவிப்பின்றி மணியடிக்கச் சொல்லி, எத்தனை விலங்கு எத்தனை நிமிடத்தில் உள்ளே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய இறைச்சியின் எடை எழுதிய பதிவேட்டைக் கேளுங்கள். ஊனுண்ணிப் பிரிவின் ஒவ்வொரு கூண்டிலும் குறைந்தது இரண்டு நிரந்தரக் கீப்பர்கள் இருப்பதை அங்கீகாரத்தின் நிபந்தனையாக்குங்கள். யாருக்கும் காயம் படாமல் தப்பிய தவறுகளைக் கீப்பர்கள் தண்டனைக்கு அஞ்சாமல் எழுதித் தர ஒரு தனிப் படிவம் வேண்டும். திறந்து கிடந்த கதவை யாரோ பார்த்து மூடிய நாட்கள் அதில்தான் வெளியே வரும். அந்தப் படிவங்களை ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பூங்காக்களுக்கும் சுற்றுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிங்கம், புலி, சிறுத்தைகளின் பராமரிப்பிலும் மருத்துவத்திலும் பணிபுரிவோர்