காலிக்கு ஒரு டிக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொப்பி நிறைய எழுத்து வேலை கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பேரனுக்கு நாலரை வயது. சில மாதங்களுக்கு முன் அவனுடைய முன்பள்ளியில் ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதி வரச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் கை நோகுது என்றான். ஐந்தாவது வரியில் அழுதான். 'எழுத்து வரவில்லை, வீட்டில் பழக்கவும்' என்று மறுநாள் சிவப்பு மையில் குறிப்பு வந்தது. அதற்குப் பிறகு பென்சிலைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான். 'அ' லேசான எழுத்தா? சுழி, வளைவு, குறுக்கே ஒரு கோடு, நெட்டாக ஒரு கோடு. மூன்று விரலால் பென்சில் பிடிக்கவே அந்த வயதில் பல பிள்ளைகள் இன்னும் பழகிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரி, கொப்பியைக் கொஞ்ச நாள் மூடி வைப்போம் என்று மகளிடம் சொன்னேன். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். பேரனுக்குக் கோச்சி என்றால் உயிர். பிஸ்கட் பெட்டியை வெட்டி, புகையிரத நிலையத்தில் கொடுக்கிற தடித்த அட்டை டிக்கெட் போலச் செய்தேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவன் டிக்கெட் கொடுப்பவர், இந்தப் பக்கம் நான் பயணி.

"எங்க போறீங்கள்?"

"காலிக்கு ஒண்டு தாங்கோ."

முதல் நாள் அட்டையில் வந்தது ஒரு நெளிகோடு. ஆனால் அது இடமிருந்து வலமாக ஓடியது, கடைசியில் ஒரு புள்ளியும் இருந்தது. நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் இப்படிக் கிறுக்கித்தான் எழுத்துக்கு வருகிறார்கள். எழுதினால் அது ஒரு சேதி சொல்லும் என்பது அவர்களுக்கு முதலில் பிடிபட வேண்டும். மூன்றாம் நாள் அவனே கேட்டான்: "காலிக்கு என்ன எழுத்து?" 'க' போட்டுத் துணைக்கால் காட்டினேன். அவனுடைய 'கா' அட்டை முழுவதையும் நிறைத்தது.

அப்புறம் தாத்தா வந்து காங்கேசன்துறைக்கு டிக்கெட் கேட்டார். அதற்கும் 'கா' எழுதினான். இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். நான் தெற்கே போகிறவள், தாத்தா வடக்கே போகிறவர். "தாத்தா பிழையான கோச்சியில ஏறிடுவார்!" என்று பதறி, என் டிக்கெட்டைத் திரும்ப வாங்கி, 'லி' எப்படிப் போடுவது என்று கேட்டு எழுதினான். சுழி மறுபக்கம் திரும்பியிருந்தது. நான் திருத்தவில்லை. அழுதுகொண்டு 'அ' எழுதிய அதே கைதான் அது.

இப்போது கனடாவிலிருந்து வரும் மாமாவின் பெட்டிக்குப் பெயர்த்துண்டு எழுதுகிறான், தனக்கொரு பாஸ்போர்ட் செய்து பெயர் போட்டிருக்கிறான். காலி வீதியில் 100, 101 பஸ்களின் இலக்கங்களை வாசிக்கிறான். நிலையத்தில் மூன்று மொழிப் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று நம் எழுத்து எது என்று தேடிக் காட்டுகிறான்.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். அதில் கோணல் பார்ப்பவர் யாரும் இல்லை. அந்தப் பொறுமை கொப்பி வாங்கியதும் எங்கே போய்விடுகிறது? முன்பள்ளி ஆசிரியைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கொப்பி நிறையாவிட்டால் 'என்ன படிப்பிக்கிறீர்கள்?' என்று வாசலில் நின்று கேட்பது நாங்கள்தானே. பக்கம் பக்கமாக எழுத்துப் பழகுவதைத் தரம் 1இல் பார்த்துக்கொள்ளலாம். இந்த வயதில் ஆசிரியைகளும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு ஒரு பயண விளையாட்டுக் கொடுங்கள், அதில் எழுத ஒரு தேவை வரட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு முந்திய ஞாயிறன்று சிறுவர் பக்கத்தில் ஊர்ப்பெயர் இல்லாத வெற்று டிக்கெட் பத்துப் பன்னிரண்டு அச்சிட்டுத் தாருங்கள். அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்வதை வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
வெள்ளவத்தை, கொழும்பு 06.