நாட்டுக்கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் 46 பேர் இருக்கிறோம். இதை எழுதும் நாள் வரை சந்தா கட்டியவர்கள் 19 பேர்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். குடற்புழு நீக்க முகாம் ஒன்று நடந்தது. சேவல் கண்காட்சி மழையால் நடக்கவில்லை.

இனி பொதுக் குஞ்சுக் கொட்டகை. "செயலாளர் தன் ஆசைக்குக் கட்டிய கொட்டகை" என்று டீக்கடையில் பேசுவது என் காதுக்கும் வந்தது. ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைக் கேளுங்கள். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஓர் அடைக்கோழி பத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரிக்கும். காக்கைக்கும் கீரிக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கும் கொடுத்தது போக மூன்றோ நான்கோ தேறும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து விட்டால் வெள்ளைக்கழிச்சலுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். அந்த மருந்தோ 100 குஞ்சுக்கான குப்பியாகத்தான் வருகிறது. ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கலக்கிய கையோடு விட்டுவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது. பத்துக் குஞ்சுக்காக யார் வாங்குவார்? எல்லார் குஞ்சையும் ஓரிடத்தில் சேர்த்தால் குப்பி வாங்குவது கட்டுப்படியாகும். கொட்டகை பிறந்த கதை இவ்வளவுதான்.

மூன்று ஈடு வளர்த்தோம். தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி, அதன் மேல் முதல் சில நாளுக்குச் சாக்கு. செய்தித்தாள் வழுக்கும், குஞ்சின் கால் இரண்டு பக்கமும் அகன்று போய்விடும். முதல் ஈட்டில் அப்படி இரண்டைப் பார்த்துத்தான் நானே கற்றுக்கொண்டேன். வந்ததும் முதலில் தண்ணீர்தான், கொஞ்சம் வெல்லம் கரைத்து. நாலைந்து குஞ்சின் அலகை நனைத்துவிட்டால் மற்றவை பார்த்துக்கொள்ளும். பிறகு மக்காச்சோளக் குருணை, மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம். முதல் வாரத்தில் ஒரு குஞ்சு நாளுக்குப் பத்து கிராம்கூடத் தின்னாது. அப்படியிருக்க, மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓர் உறுப்பினர் வீட்டிலிருந்த முட்டைக்கோழித் தீவனத்தைக் கொண்டுவந்து கொட்டினார். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்தை அள்ளிப் போட்டிருப்பார்கள், குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது. எடுத்துக் கொட்டச் சொன்னதற்கு அவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

சூடு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்குப் போட்டுக் குண்டு பல்பு மாட்டினோம். எல்.இ.டி. போட்டால் கரண்ட் மிச்சம் என்று எழுத்து மூலம் ஆலோசனை வந்தது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. இதற்கு எழுத்து மூலமே பதில் அனுப்பிவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் நடந்ததை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் ஈடு, 150 குஞ்சு, வயது ஒன்பது நாள். அன்றைய இரவுமுறை இரண்டு பேருக்கு. ஒருவர் கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார், மற்றவர் முதலாமவர் இருப்பார் என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். மூலைக்குப் போய் ஒண்டாதபடி குஞ்சைச் சுற்றி வட்டமாக நிறுத்தியிருந்த தகரத்தையும் அதே கல்யாணத்துக்குச் சமையல் அடுப்பு மறைக்க யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். இரவு மின்சாரம் போனது. விழிப்பு வந்து டார்ச்சோடு நான் போனபோது மணி நாலு. அத்தனையும் வடமேற்கு மூலையில் ஒரே குவியல். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள், குஞ்சு மிதித்தால் சாகும். அடியில் கிடந்தவை நனைந்த துணி மாதிரி தட்டையாக இருந்தன. மண்சட்டியில் கரி மூட்டி, ஜன்னல் சாக்கைத் தூக்கிவிட்டு, அசைவு தெரிந்தவற்றை என் துண்டில் சுற்றி அருகே வைத்தேன். விடிவதற்குள் ஒன்பது எழுந்து நின்றன. 31 நிற்கவில்லை. அவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் சுண்ணாம்பு போட்டுப் புதைத்ததும் நான்தான், தனியாக. தகரம் மறுநாள் மாலை, ஒரு பக்கம் கரி படிந்து, வந்து சேர்ந்தது.

மூன்றாம் ஈட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம், அந்த மூன்று வாரமும் நான் கொட்டகையில் படுத்தேன். "குஞ்சுக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்த்துவிடுங்கள்" என்று வீட்டில் சொன்னதையும் பதிவு செய்கிறேன்.

ஆனால் நாலாம் வாரமே "என் பங்கைக் கொடு" என்று பஞ்சாரக் கூடையோடு வந்து நிற்கிறார்கள். எட்டு வாரம் ஆகட்டும் என்றால் கேட்பதில்லை. பெரிய கோழிகளுக்கு நடுவே நேராக விட்டு, மண்டை கொத்துப்பட்ட குஞ்சைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வருகிறார்கள். ஒரு வாரம் நடுவில் கம்பிவலை கட்டி ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். பிறகு பொழுது சாய்ந்து கோழி அடைகிற நேரத்தில் உள்ளே விடுங்கள். இதைப் பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக உள்ளன. உமி, பல்பு, மருந்து, மின்கட்டணம் ஆகியவை முக்கியச் செலவு. சிறு பற்றாக்குறை ஒன்றை ஒருவர் கைமாற்றாகக் கொடுத்துள்ளார், அவர் பெயர் வேண்டாம் என்கிறார் (சந்தா வந்ததும் எடுத்துக்கொள்வேன்). பொருளாளர் வெளியூரில் இருப்பதால் முழு விவரம் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்.

தலைவருக்கும், இடம் கொடுத்தவருக்கும், தடுப்பு மருந்து போட உதவிய கால்நடை மருந்தக ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் பொறுப்பில் தொடர்வது பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது. என் முட்டிவலி எல்லாருக்கும் தெரிந்ததே. கொட்டகைச் சாவியை வாசல் நிலைக்கு மேல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை இன்குபேட்டரில் 180 முட்டை வைக்கிறோம், 21 நாளில் பொரியும். இரவுமுறை நோட்டு இதே மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. இதுவரை அதில் ஒரே ஒரு பெயர்தான். அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செயலாளர்