நடு ஊரில் ஒரு சின்ன அறை

பிராக், செக் குடியரசு,
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு உங்களிடம் கொடுக்கிறார். நீங்கள் செலவைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். மீதி விஷயம் எதையும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் கேள்வி. "வீடு பார்க்காமல் இன்னும் எதற்கு ஹோட்டல், அதுவும் ஊருக்கு நடுவில்?" கம்பெனியில் பார்த்துத் தருவதாகச் சொன்ன வீடு "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்துக்கொண்டே போகிறது. நானாகத் தேடினால், ஒற்றை அறை வீட்டுக்கே மாதம் இருபதாயிரம் கொருனாவுக்கு மேல் கேட்கிறார்கள். ஒரு கொருனா நம்மூரில் ஏறக்குறைய நாலு ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அட்வான்ஸ் வேறு. மூன்று மாத வாடகை வரை வாங்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. இந்த ஹோட்டலில் நவம்பரில் கூட்டம் குறைவு என்பதால், மாதக் கணக்காகத் தங்குகிறேன் என்று பேசி, ஏறக்குறைய அதே வாடகைக்கு முடித்துவிட்டேன். அட்வான்ஸ் இல்லை, கரண்ட் பில் இல்லை, காலைச் சாப்பாடும் சேர்த்தி. மாநகராட்சிக்கு என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா தனியாக வாங்குகிறார்கள், அது எல்லா ஹோட்டலிலும் உண்டு. பாஸ்போர்ட்டைப் பார்த்து வெளிநாட்டவர் போலீசுக்குத் தகவல் கொடுக்கும் வேலையையும் ஹோட்டல்காரர்களே செய்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கினால் அறை விலை ஏறும் என்கிறார்கள். எனக்குப் பேசிய விலை ஜனவரி வரை செல்லும்.

இப்போது அறை. திருச்சி கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அரிசி மூட்டை வைத்திருப்போமே, அந்த ஸ்டோர் ரூமைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி. குளியலறை வராந்தா கோடியில், நாலு அறைக்குப் பொது. அம்மாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும், ஆனால் தினமும் இரண்டு வேளை கழுவுகிறார்கள். லிப்ட் கம்பிக் கதவு வைத்த பழைய கூண்டு. இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் படிக்கட்டு. உள்ளே ஏறுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் "டோப்ரி டென்" என்று வணக்கம் சொல்வார்கள், இறங்கும்போது விடைபெற்றுக்கொள்வார்கள். சிரிக்கமாட்டார்கள், ஆனால் வணக்கம் தவறாது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜன்னல்தான். பழைய கட்டடம் என்பதால் இரட்டை ஜன்னல். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் ஒரு சாண் இடைவெளி. குளிரைத் தடுப்பதற்காக அந்தக் காலத்தில் வைத்தது. அறையில் பிரிட்ஜ் இல்லை, எனவே பாலும் தயிரும் அந்த இடைவெளியில். ராத்திரி ஜீரோ டிகிரிக்குப் போகிறது, ஒன்றும் கெடுவதில்லை. ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் இருப்பதால் அறைக்குள் ஸ்வெட்டர் கூட வேண்டாம். காய்ச்சல் வந்துவிடும் என்று அம்மா கவலைப்பட வேண்டியதே இல்லை.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ரோலிக் என்று விரல் மாதிரி நீளமான ஒரு ரொட்டி, வெண்ணெய், சீஸ், அவித்த முட்டை, டீ. பன்றி இறைச்சியும் வைப்பார்கள், நான் அந்தப் பக்கம் போவதில்லை. மதியம் ஆபீஸ் கேன்டீனில் சைவம் என்றால் பெரும்பாலும் சீஸை மாவில் தோய்த்துப் பொரித்து உருளைக்கிழங்கோடு தருகிறார்கள். ஒரு நாள் ருசி, இரண்டாம் நாள் பாரம். ராத்திரிக்கு வியட்நாம்காரர்கள்தான் கை கொடுக்கிறார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் வேலைக்கும் படிப்புக்கும் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், தெருமுனை மளிகைக் கடை நிறைய அவர்கள் கையில் இருக்கிறது. பக்கத்துச் சந்தில் ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை. வெறும் சாதம் மட்டும் பொட்டலம் வாங்கி வந்து, ஜன்னல் தயிரை ஊற்றிப் பிசைந்து, அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிடுகிறேன். போதுமா அம்மா?

குறை இல்லாமல் இல்லை. வெள்ளி, சனி ராத்திரியில் தூக்கம் போய்விடும். பீர் குடிப்பதற்கென்றே விமானம் ஏறி வருகிற கூட்டம் ஒன்று உண்டு. ராத்திரி ஒரு மணிக்குத் தெருவில் நின்று பாடுவார்கள். கூட்டமாகக் கடை கடையாக அழைத்துப் போகும் ராத்திரிக் குடி உலாவை மாநகராட்சி தடை செய்தபின் குறைந்திருக்கிறதாம். குறைந்ததே இப்படியா என்று நினைத்துக்கொண்டேன். மருந்துக் கடையில் காதுக்கு அடைப்பான் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் வரும்போது தெருப்பக்கம் இல்லாமல் முற்றம் பார்த்த அறையாகச் சொல்லிவிடலாம்.

ஆமாம், நீங்கள் வருவதைப் பற்றித்தான் இவ்வளவும். அதற்குள் எனக்கு வெளியில் வீடு கிடைத்துவிட்டாலும், நாம் நாலைந்து நாளாவது இந்த ஹோட்டலில்தான் தங்க வேண்டும். "சுற்றிப் பார்க்க பஸ் இருக்கிறதே, எதற்கு நடு ஊர்?" என்பீர்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் இந்த ஊரைப் பார்ப்பதும் வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் கோபுரம் பார்ப்பதும் ஒன்று. ஊர் இருப்பது அதற்கு முன்னும் பின்னும்தான்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410ல் செய்த வானியல் கடிகாரம் இருக்கிறது, ஹோட்டலிலிருந்து நடையில் பத்து நிமிடம். ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு மணியடிக்க, மேலே சின்ன ஜன்னலில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் சுற்றி வருவார்கள், கடைசியில் சேவல் கூவும். பகலில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதால் ஒன்றும் தெரியாது. கடைசிக் காட்சி ராத்திரி 11 மணிக்கு. அப்போது போனால் சாவகாசமாகப் பார்க்கலாம். உங்களுக்குப் பொம்மைகளைவிட முகப்புதான் பிடிக்கும். சூரியன், சந்திரன் எந்த ராசியில் நிற்கின்றன என்று காட்ட பன்னிரண்டு ராசிகளும் போட்ட ஒரு வளையம் சுற்றுகிறது. அதற்கு வெளியே, சூரியன் மறைந்ததிலிருந்து மணி எண்ணும் இன்னொரு வளையம். நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவதை இவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை. அங்கே இப்போது கார்த்திகை, சூரியன் விருச்சிகத்தில். இந்தக் கடிகாரத்தில் சூரியன் தனுசுக்குள் போயாகிவிட்டது. நம் பஞ்சாங்கம் கழிக்கும் அயனாம்சம் என்ற வித்தியாசத்தை இவர்கள் கழிப்பதில்லை என்று நீங்கள் விளக்கம் சொல்வீர்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையில் போக வேண்டும். 1357ல் கட்டத் தொடங்கிய கல்பாலம், இரண்டு பக்கமும் முப்பது சிலைகள். இப்போது ஏழரை மணிக்குத்தான் சூரியன் வருகிறது, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதனால் ஆபீசுக்கு முன்னால் ஒரு நடை போய் வருவது எனக்குச் சௌகரியம். பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் வேறு எதற்கு.

நான் சொல்ல நினைத்தது வென்செஸ்லாஸ் சதுக்கத்தைப் பற்றி. ஹோட்டல் அதற்குப் பக்கத்துச் சந்தில்தான். சதுக்கம் என்று பெயர், உண்மையில் முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அகலமான கடைத்தெரு. முன்பு குதிரைச் சந்தை கூடிய இடம். தெருவின் கீழ்க் கோடிப் பக்கம் பாட்டா கடை. 1929ல் கட்டிய கண்ணாடி முகப்புக் கட்டடம், மாடி மாடியாகச் செருப்பு. பள்ளிக்கூடம் திறக்கும்போது பெரிய கடைவீதிக்குப் போய் எனக்குக் கறுப்பு ஷூ வாங்கித் தருவீர்களே, அந்தக் கம்பெனியின் சொந்த நாடு இது. 1894ல் ஸ்லீன் என்ற ஊரில் தொடங்கியது. நம்மூரில் பாதிப் பேர் அதை இந்தியக் கம்பெனி என்றே நினைக்கிறார்கள், நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

சதுக்கத்தின் மேல் கோடியில் தேசிய அருங்காட்சியகம். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் உள்ளே வந்தபோது அந்த முகப்பில் சுட்டார்கள். குண்டுத் துளைகளை அடைத்த இடம் தூண்களில் வெளிறித் தெரிகிறது. கட்டடத்தைப் புதுப்பித்தபோதும் அதை மறைக்கவில்லை. அதற்கு முன்னால் நடைபாதையில், தரையோடு தரையாக ஒரு வெண்கலச் சிலுவை. அந்தப் படையெடுப்புக்கு எதிராக 1969 ஜனவரி 16 அன்று யான் பாலாக் என்ற கல்லூரி மாணவர் அங்கே தீக்குளித்தார், மூன்று நாள் கழித்து இறந்தார். வயது 20. சிலுவையைச் சுற்றி எப்போதும் இரண்டு மூன்று மெழுகுவர்த்தி எரிகிறது. திருச்சி ஜங்ஷனைத் தாண்டும்போதெல்லாம் நீங்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமியைப் பற்றிச் சொல்வீர்கள், 1964, அதுவும் ஜனவரி. இங்கே யாரிடமாவது அதைச் சொல்லலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் சாயங்காலம் அங்கே நாம் சேர்ந்து நிற்க வேண்டும்.

அதே படையெடுப்புக்குப் பிறகுதான் கமில் சுவெலபில் இந்த ஊரைவிட்டுக் கிளம்பினார். 1927ல் இங்கே பிறந்து, இங்கே இருந்தே தமிழ் படித்து, சங்கப் பாட்டை உலகத்துக்குச் சொன்னவர். உங்கள் அலமாரியில் அவர் பெயரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இங்கே வந்த பிறகுதான் அவர் எந்த ஊர்க்காரர் என்பது மனதில் பதிந்தது.

தாத்தா விஷயம். திருச்சி பெல் பாய்லர் ஆலை செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு வந்தது, செக் இன்ஜினியர்கள் வெயிலில் சிவந்துபோய் மோர் குடிப்பார்கள் என்றெல்லாம் அவர் சொன்ன கதையை ஆபீசில் சொன்னேன். சின்ன வயதுக்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை. ஹோட்டலில் ராத்திரி டூட்டி பார்க்கும் பெரியவர் மட்டும், "பாய்லரா? நாங்கள் எல்லா இடத்துக்கும் பாய்லர் அனுப்பினோம்" என்றார். நன்றாக ஆங்கிலம் பேசமாட்டார், கையும் சைகையுமாக ஓடுகிறது. எங்கள் வீட்டில் எஸ்டி மோட்டார் சைக்கிள் இருக்கிறது, இந்த நாட்டு ஜாவா வண்டியிலிருந்து மைசூரில் உருவானது என்றதும் ஆள் மாறிவிட்டார். மேஜையைவிட்டு எழுந்து வந்து, ஒரே லீவரை உள்ளே தள்ளி உதைத்து ஸ்டார்ட் செய்வது, அதையே கியராகப் போடுவது என்று காலாலேயே நடித்துக் காட்டினார். நீங்கள் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த அதே உதை. லெட்னா பகுதியில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய ஜாவாக்கள் வரிசையாக நிற்கும், அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போ என்று சொல்லியிருக்கிறார். டிராமில் போய்விடலாம்.

வீடு பார்க்கப் போன இடத்தில் ஒன்று கவனித்தேன், அம்மாவுக்குச் சொல்லுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே போவதில்லை, விருந்தாளிக்கென்று உள்ளே போட்டுக்கொள்ளத் தனியாகச் செருப்பு வைத்திருக்கிறார்கள். நான் ஷூவோடு போய்விடுவேனோ என்று வீட்டுக்காரம்மா பயந்து பார்த்தார். நான் கழற்றியபின்தான் பேச்சையே தொடங்கினார்.

மே மாதம் வாருங்கள், குளிர் விட்டிருக்கும். பணத்தை ஏர்போர்ட்டிலோ பழைய நகரத்துக் கடைகளிலோ மாற்றவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். (ஏமாந்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்க 2019லிருந்து சட்டம் இருக்கிறது, இருந்தாலும் எதற்கு வம்பு.) அம்மாவுக்கு எஸ்கலேட்டர் பயம் என்பதால் மெட்ரோவில் ஜாக்கிரதையாகத்தான் ஸ்டேஷன் பார்க்க வேண்டும். நாம்யெஸ்தி மீரு என்ற ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம், எனக்கே தலை சுற்றியது. நடு ஊரில் இருந்தால் அதில் ஏறவேண்டிய தேவையே வராது, என் கட்சிக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறையை இப்போதே சொல்லிவைத்தால் பழைய விலைக்கே தருவதாக ஹோட்டலில் சொல்கிறார்கள். சரி என்று ஒரு வார்த்தை போனில் சொல்லுங்கள். அப்புறம், எஸ்டியின் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள் தம்பியிடம், இரண்டு சைலன்சரும் தெரிகிற மாதிரி. பெரியவர் தினமும் கேட்கிறார்.

உங்கள் அன்பு மகள்,
கவிதா

பி.கு.: ஊறுகாய் பாதி பாட்டில்தான் இருக்கிறது. மே வரை தாங்காது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், நார்த்தங்காய் ஆனாலும் பரவாயில்லை.