படபடப்பு அடங்கும் முன் ஈசிஜி எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேஸ்வரத்திலோ பாம்பனிலோ ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வண்டி பிடித்து, பாலம் தாண்டி, ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுகிறது. அங்கே எடுத்த ஈசிஜி நார்மல். 'வாயு' என்றோ, பெண்ணாக இருந்தால் 'டென்ஷன்' என்றோ சொல்லி ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். இப்படியே வருஷக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. அடங்கிய பிறகு எடுத்த ஈசிஜி நார்மலாக இருந்தால், அடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். நோய் இல்லை என்று அல்ல.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது என்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு சட்டென்று நிமிடத்துக்கு 160, 180 என்று ஏறி, அதேபோல் சட்டென்று நின்றால் இதயத்தின் மின்பாதையில் ஒரு சுழற்சி இருக்கிறது, அதாவது மின்துடிப்பு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நின்றபின் சிறுநீர் நிறையப் போவதும் ஒரு தடயம். மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் காரணம் பெரும்பாலும் வேறு: காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, உப்பளத்து வெயிலில் உடம்பு வற்றியது, ஆஸ்துமா மருந்து. இவர்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பொட்டாசியம் பார்த்துக் காரணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். துடிப்பை மட்டும் மாத்திரையால் அடக்குவது தவறு.

துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வருபவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் நெஞ்சில் மின்சார ஷாக் கொடுப்பதுதான் வழி. மிஷினில், இதயத் துடிப்போடு ஷாக்கை ஒத்துப்போகச் செய்யும் 'சிங்க்' பொத்தானை அழுத்தாமல் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு ஊசிக்கு முன் 12 லீட் ஈசிஜி. ஈசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் கூர்முனையான க்யூ.ஆர்.எஸ். ஒடுங்கி, இடைவெளி ஒரே சீராக இருந்தால் சுழற்சி நோய்தான் முதல் சந்தேகம். 150-லேயே அசையாமல் நின்றால் மேலறைப் படபடப்பான 'ஃப்ளட்டர்' ஒளிந்திருக்கலாம். தாறுமாறாக இருந்தால், மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதற்குப் பக்கவாதத் தடுப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும். க்யூ.ஆர்.எஸ். அகலமாக, 0.12 நொடிக்கு மேல் இருந்தால் கீழறைக் கோளாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பைக் குறைக்கும் வெராபமில் மருந்தைக் கொடுத்தால் ஆள் சாய்ந்துவிடலாம்.

ஒடுங்கிய சீரான துடிப்புக்கு முதல் சிகிச்சை மருந்தில்லாத காலி 10 மி.லி. சிரிஞ்ச். சாய்ந்து உட்காரவைத்து, அதன் பிஸ்டன் லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி ஊதச் சொல்லி, உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, காலை 45 டிகிரி தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் இந்த முறையில் 43 சதவீதம் பேருக்கு நின்றது; வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதம்தான். காலைத் தூக்குவதில்தான் வித்தை இருக்கிறது. பல இடங்களில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நிற்காவிட்டால், சுழற்சியை ஒரு கணம் தடுத்து நிறுத்தும் அடினோசின் ஊசி 6 மி.கி.; அதற்கும் நிற்காவிட்டால் 12. ரத்தத்தில் இந்த மருந்தின் ஆயுள் சில நொடிகள்தான். புறங்கையில் மெல்லிய கேனுலா (மருந்து ஏற்றும் குழாய்) வழியாக மெதுவாக ஏற்றினால் இதயத்தை எட்டுவதற்குள் செத்துப்போகும். முழங்கை மடிப்பில் பெரிய ரத்தக்குழாய், ஒரே தள்ளு, பின்னாலேயே 20 மி.லி. சலைன், கையை உயர்த்திப் பிடிப்பது. சில நொடிகள் உயிரே போவதுபோல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்தவருக்கு மருந்து மந்தமாக வேலை செய்யும். ஆஸ்துமாக்காரருக்குத் தவிர்ப்பது நல்லது. ஊசி போகும்போது ஈசிஜி ஓடிக்கொண்டே இருக்கட்டும். துடிப்பு நிற்கும் விதத்திலேயே நோயின் பெயர் எழுதியிருக்கும்.

மாதம் ஒருமுறை வரும் படபடப்புக்கு 24 மணி நேரம் ஈசிஜி பதிவு செய்யும் 'ஹோல்ட்டர்' கருவியைக் கட்டுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. பல வாரம் பதிவு செய்யும் கருவி கேளுங்கள். வந்துகொண்டே இருந்தால் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி, சுழலும் பாதையைச் சுட்டுவிடும் அப்ளேஷன் உண்டு. சாதாரண வகைகளில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு முழுக் குணம். கடற்பாசி எடுக்கும் பெண்களும் சங்கு குளிப்பவர்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சடக்கி நீருக்கடியில் இருக்கும்போது மயங்கினால் அவ்வளவுதான். அதுவரை தனியாக இறங்க வேண்டாம்.

தீவிலும் கடற்கரையிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரே வேண்டுகோள். படபடப்போடு வருபவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன், ஊசி போடும் முன், ஈசிஜி எடுத்து ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள். அந்தத் தாள் நாளாக நாளாக வெளுத்துவிடும். ஜெராக்ஸ் எடுக்க முடியாவிட்டால் அவர் போனிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

– ஒரு பொது மருத்துவர், மண்டபம்