ஒரே நிலத்தில், அறுவடைக்கு அறுவடை அளக்க வேண்டும்: கொங்கு மரத்தோட்டங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தின் இயக்குநர், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் முதல்வர், தமிழ்நாடு வனத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலர்கள், கொங்குப் பகுதியில் கூழ்மரம் வாங்கும் காகித ஆலைகளின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். காங்கயம், தாராபுரம் பக்கத்தில் சவுக்கும் மலைவேம்பும் வளர்த்துவரும் விவசாயிகளில் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் மரப்பயிர் பரவியதற்குக் காரணம் எல்லோரும் அறிந்ததுதான். பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் ஆட்கள் போய்விட்ட பிறகு, களையெடுக்கவும் அறுவடை செய்யவும் ஆள் தேடி அலைய முடியாதவர்கள் மஞ்சளையும் கரும்பையும் பருத்தியையும் விட்டுவிட்டு மரத்துக்கு மாறினார்கள். அந்த மாற்றத்துக்கு நல்ல நாற்றும், ஒரே தாய்மரத்தின் துண்டிலிருந்து வளர்த்த குளோன் கன்றும் தந்து துணை நின்றவை உங்கள் நிறுவனங்கள். 1988-இல் கோவையில் தொடங்கப்பட்ட வன மரபியல் நிறுவனம் உருவாக்கித் தந்த கலப்பினச் சவுக்கும், மேட்டுப்பாளையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மலைவேம்பு வகைகளும் இன்று எங்கள் தோட்டங்களில் நிற்கின்றன. அந்த நன்றியோடுதான் இந்தக் கோரிக்கையை வைக்கிறேன்.

ஒரு ஏக்கருக்கு எத்தனை டன் கிடைக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல இன்று பலர் இருக்கிறார்கள். அதே ஏக்கரில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மரம் வைத்தால் எத்தனை டன் கிடைக்கும், அதற்குள் மண்ணில் என்ன குறைந்திருக்கும், கிணற்றில் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டால், எங்கள் மண்ணையும் மழையையும் வைத்துப் பதில் சொல்ல எங்களுக்குத் தெரிந்து யாரும் இல்லை. மரத்தோட்டம் நிலைத்து நிற்குமா என்ற கேள்வி முதல் அறுவடையில் விடை பெறாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்த அறுவடைகளைத் தொடர்ந்து அளந்தால்தான் விடை கிடைக்கும்.

அறுவடை நடக்கும் நாளில் எங்கள் தோட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். சவுக்கு மூன்று நான்கு ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும். அடிமரத்தை ஆலைக்குரிய நீளத்தில் துண்டு போட்டு லாரியில் ஏற்றுவார்கள். மிளாறுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி விறகுக்குக் கொண்டுபோவார்கள். சருகைக் கூட்டிச் சாக்கில் அள்ளுவதும் உண்டு. கடைசியில் இயந்திரத்தைக் கொண்டுவந்து வேர்க்கட்டையையும் பிடுங்கி, அதையும் விறகாக எடைபோட்டு விற்றுவிடுவார்கள். மாலையில் பார்த்தால் நிலம் துடைத்துவிட்டதுபோல் கிடக்கும். விவசாயிக்கு அதில் கிடைப்பது அதிகமில்லை. வெட்டுக்கூலியில் ஒரு பங்கைத் தள்ளிக்கொள்வதற்காகவே பலர் சுள்ளியையும் கட்டையையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் அடிமரத்தின் கட்டையைவிட இலையிலும் மிளாறிலும் பட்டையிலும்தான், எடைக்கு எடை, தழைச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் செறிந்திருக்கின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவுக்கு தன் வேர்முடிச்சில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிரின் துணையால் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் காற்றிலிருந்து எடுக்க முடியாது. அவை லாரியில் போனால் போனவைதான்.

இந்தக் கேள்வியை உலகம் முன்பே எடுத்து ஆராய்ந்திருக்கிறது. இந்தோனேசியாவின் போகோரில் உள்ள பன்னாட்டு வனவியல் ஆய்வு மையம் 1995-இல் ஒரு கூட்டாய்வைத் தொடங்கியது. பிரேசில், காங்கோ, தென்னாப்பிரிக்கா, சீனா, இந்தோனேசியா, வியட்நாம், ஆஸ்திரேலியா, இந்தியா என எட்டு நாடுகளில், வெட்டிய தோட்டத்தில் இலை, மிளாறு, பட்டை போன்ற கழிவை முழுவதும் அகற்றினால் அடுத்த மரம் எப்படி வளரும், அப்படியே விட்டால் எப்படி வளரும், இருமடங்காகப் பரப்பினால் எப்படி வளரும் என்று ஒரே முறையில் அளந்தார்கள். இந்தியாவின் பங்காக அதில் இருந்தவை கேரளத்துத் தைலமரத் தோட்டங்கள். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைக் கவனித்தது. காங்கோவின் மணற்பாங்கான ஏழை மண்ணில் கழிவை அகற்றிய இடங்களில் அடுத்த பயிரின் வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது. வளமான மண்ணில் அந்த வேறுபாடு அவ்வளவு இல்லை. மண்ணுக்கு மண் விடை மாறுகிறது என்பதே அந்த ஆய்வு தந்த பெரிய பாடம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நல்ல மழை பெறும் கேரளத்து மண்ணில் கிடைத்த விடையை, மலையின் மழைமறைவில் கிடக்கும் பல்லடத்துச் செம்மண்ணுக்கோ சுண்ணாம்புக்கல் கலந்த தாராபுரத்துச் சுக்கான் மண்ணுக்கோ அப்படியே பொருத்திவிட முடியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் நான்கு தரப்பும் விவசாயிகளும் சேர்ந்து, கொங்குப் பகுதியின் செம்மண், கரிசல், சுக்கான் நிலங்களிலும், கீழ்பவானி, பரம்பிக்குளம் ஆழியாறு பாசனப் பகுதிகளிலும், கிணற்றை மட்டும் நம்பிய தோட்டங்களிலும், முழு மானாவாரியிலும் நிலையான அளவீட்டுத் திடல்களை அமைக்க வேண்டும். அவை ஆராய்ச்சி நிலையத்தின் வேலிக்குள் இல்லாமல் விவசாயியின் சொந்த நிலத்தில் இருக்க வேண்டும். நிலையத்தில் சொட்டுநீரும் உரமும் நேரத்துக்குக் கிடைக்கும். எங்கள் தோட்டத்தில் மோட்டார் பழுதானால் பத்து நாள் தண்ணீர் இருக்காது, ஆடு மாடு உள்ளே வரும். அந்த நிலையில் கிடைக்கும் விளைச்சலே எங்களுக்குப் பயன்படும் விளைச்சல். கழிவை அகற்றுவது, விடுவது, இடையில் கொள்ளோ தட்டைப்பயறோ விதைப்பது என்ற வேறுபாடுகளை ஒவ்வொரு திடலிலும் வைத்து, குறைந்தது இரண்டு அறுவடை முடியும்வரை விடாமல் அளக்க வேண்டும்.

அளவு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்றைக்கு எங்களிடம் இருக்கும் ஒரே பதிவு எடைமேடைச் சீட்டு. சென்ற முறை வெட்டிய பிறகு, வாங்குவதாகச் சொன்னவர் லாரி அனுப்பத் தாமதித்ததால் மரம் வெயிலில் காய்ந்து எடை இறங்கிவிட்டது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என் மரம் நன்றாக வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நாலரை அடி உயரத்தில் சுற்றளவும், மரத்தின் உயரமும், பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுக்கப்பட வேண்டும். மண்ணின் கரிமச்சத்தும் கிணற்றின் நீர்மட்டமும் அவற்றோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் இந்த அளவுகளை அவர்களே எடுப்பார்கள்.

நீர்மட்டத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தைலமரம் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று ஒரு சாராரும், இல்லை என்று மற்றொரு சாராரும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தொட்டும் பலருக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. கரும்பும் வாழையும் எடுக்கும் நீரோடு ஒப்பிட்டு, எங்கள் மழை அளவில், எங்கள் கிணற்றருகே அளந்து சொன்னால் எந்த விடையானாலும் ஏற்றுக்கொள்வோம்.

காகித ஆலைகளின் பொறுப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை இயன்றவரை விவசாயிகளோடு நேரடியாக இணைந்து உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை கூறுகிறது. அந்த இணைப்பு கன்று கொடுத்து மரம் வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது. பிரேசிலின் பிரசிகாபாவில் பல்கலைக்கழகமும் மரத்தொழில் நிறுவனங்களும் 1968-இல் சேர்ந்து அமைத்த வன ஆய்வு நிறுவனத்தில், சந்தையில் போட்டி போடும் நிறுவனங்கள் ஆய்வுச் செலவையும் முடிவுகளையும் பகிர்ந்துகொள்கின்றன. வாங்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சிறு தொகையை நீங்களும் இத்திடல்களுக்கென ஒதுக்கலாம். மண் களைத்துப்போனால் மரம் குறைவது உங்கள் ஆலைக்கும்தான்.

குளோன் கன்றுகளைப் பற்றியும் அதே திடல்களில் பார்க்க வேண்டும். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தென்னிந்தியத் தைலமர நாற்றங்கால்களில் ஒரு சிறு குளவி பரவி, குருத்தும் இலைக்காம்பும் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கன்றுகள் வளர்ச்சி குன்றின. சில வகைகள் கடுமையாக அடிபட்டன, சில தாங்கின. ஊர் முழுக்க ஒரே குளோனை வைத்தால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த எண்ணுகிறது. நல்ல நோக்கம். ஆனால் காங்கயத்தின் கொறங்காடுகளை வெற்று நிலமாக எண்ணி அங்கே நெருக்கமாகக் கன்று நட்டுவிடக் கூடாது. முள்கிளுவை வேலியும், ஆங்காங்கே நிற்கும் வெள்வேல மரமும், அடியில் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட அந்த மேய்ச்சல் நிலம், வாங்கிப் போடும் உரமில்லாமல், பாசனமில்லாமல், காங்கேயம் மாட்டைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்திருக்கிறது. நிலைத்து நிற்கும் முறைக்கு எங்கள் ஊரில் அதைவிடப் பழைய சான்று இல்லை. அங்கே கன்று நடுவதற்குப் பதிலாக, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று கொறங்காட்டிலும் சில திடல்களைக் குறித்து, அதன் மண்ணையும் அளந்துவைக்க வேண்டும்.

திட்டங்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டு நிதியில் ஓடுகின்றன, அலுவலர்கள் மாற்றலாகிறார்கள், நிலம் பாகம் பிரிகிறது, சைட்டாகவும் போகிறது. எனவே நிலத்தின் உரிமை கைமாறினாலும் திடல் கலையாதபடி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கழிவை நிலத்தில் விடுவதால் விவசாயிக்கு ஏற்படும் விறகு இழப்புக்கும் கூடுதல் கூலிக்கும் ஈடு தரப்பட வேண்டும். முடிவுகள் ஆண்டுதோறும் தமிழில் வெளிவர வேண்டும். நட்டமான திடல், காய்ந்துபோன திடல், எதிர்பார்த்ததற்கு மாறாக முடிந்த திடல் ஆகியவற்றின் கணக்கும் அதில் இருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் நடவு தொடங்க வேண்டுமானால் ஆடிக்குள் இடங்களைத் தேர்ந்து மண் மாதிரி எடுத்தாக வேண்டும். அதற்கு முன்னதாக மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உங்கள் நான்கு தரப்பும் அமரும் ஒரு கூட்டத்தைக் கூட்டுங்கள். நிலம் கொடுக்க முன்வரும் விவசாயிகளின் பட்டியலையும், ஒவ்வொரு நிலத்திலும் இதுவரை என்ன பயிர், எத்தனை முறை மரம், எப்போது வெட்டு என்ற விவரத்தையும் நாங்கள் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மரப்பயிர் விவசாயி ஒருவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.